கனவில் வந்த கடிதம்: ஒரு பொய்ச் செய்தியின் நெடும்பயணமும் நம் முன்னோரின் சல்லடையும்



சிவகாசியை அடுத்த நாரணாபுரம் வட்டாரத்தில் வாழும் மக்களுக்குக் காகிதமும் வெடிமருந்தும் அன்றாடம் கண்ணில் படும் பொருள்கள். ஒருபுறம் அச்சகங்களில் தாள்கள் அடுக்கடுக்காக வந்து விழுந்துகொண்டிருக்கும். மறுபுறம் பட்டாசு ஆலைகளில் திரி சுற்றும் வேலை நடந்துகொண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கையை விட்டுப் போன பின் இரண்டையும் திரும்ப அழைக்க முடியாது. பற்றவைத்த திரியும் பரப்பிவிட்ட தாளும் போகும் இடம் வரை போய்த்தான் ஓயும்.

அவ்வாறு பரப்பப்பட்ட ஒரு தாளின் வரலாற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் அதனைப் பார்த்திராமல் இருக்க மாட்டார்கள்.

நம் வீடுகளில் நன்னிமார்கள் ஓதும் யாசீன் கிதாபுக்குள் மடித்து வைக்கப்பட்ட ஒரு நோட்டீஸ் இருக்கும். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தில் பணி செய்யும் ஷைகு அஹ்மது என்பவர் ஒரு கனவு கண்டதாக அது தொடங்கும். ஒரு வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் இடையே இறந்தவர்களில் பல்லாயிரம் பேர் ஈமான் இல்லாமல் இறந்தனர் என்றும், மறுமை நெருங்கிவிட்டது என்றும் நபியவர்கள் அக்கனவில் எச்சரித்ததாகச் சொல்லும். முடிவில் ஒரு கட்டளை வரும். இதனைப் படித்தவர் இத்தனைப் படிகள் எடுத்துப் பிறருக்கு வழங்க வேண்டும். வழங்கினால் கடன் தீரும், செல்வம் சேரும். பொய்யென்று ஒதுக்கினால் துன்பம் வந்து சேரும். இன்னாருக்கு வியாபாரத்தில் இலாபம் வந்தது, இன்னாருடைய மகன் இறந்துபோனான் என்ற சான்றுகளும் சில தாள்களில் இருக்கும்.

அதனைப் படித்த நன்னிக்கு இரவில் தூக்கம் வராது. சேலை வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அத்தாவிடம் கொடுத்து, அச்சகத்தில் கொடுத்து அடித்து வரச் சொல்வார். அத்தாவும் மறுப்பதில்லை. நபியவர்களின் பெயர் இருக்கும் தாளை எப்படி மறுப்பது என்ற தயக்கம்தான் காரணம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் அந்தத் தாள்கள் கைமாறும். வாங்கிச் சென்றவர்களின் வீடுகளிலும் அன்றிரவு சில நன்னிமார்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஒரே கனவு, நூறாண்டுகளுக்கும் மேலாக

இக்கடிதம் நம் காலத்தில் தோன்றியதன்று. 1880-ஆம் ஆண்டு வாக்கிலேயே இது இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் முஸ்லிம்களிடையே பரவியிருந்தது. அப்போது அங்கு ஆட்சி செய்தவர்கள் டச்சுக்காரர்கள். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்ஹ்ரோன்யே 1884-இல் அதனை மொழிபெயர்த்து, விளக்கங்களுடன் கட்டுரையாக வெளியிட்டார். அக்காலத்தில் படியெடுத்தல் என்பது பெரும்பாலும் கையால் எழுதுவதே.

எகிப்தில் அல்மனார் இதழை நடத்திய அறிஞர் ரஷீத் ரிளா (1865–1935) அவர்களிடமும் இக்கடிதம் பற்றி வினவப்பட்டது. எழுதப் பழகிய சிறு வயது முதலே இதனைப் பலமுறை பார்த்திருப்பதாகவும், ஒவ்வொரு முறையும் அதே ஷைகு அஹ்மதின் பெயரிலேயே அது வந்ததாகவும் கூறி, இது பொய்யென்று அவர் மறுத்து எழுதினார். பின்னர் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தியாக விளங்கிய ஷைகு இப்னு பாஸ் (1910–1999) அவர்கள் இக்கடிதத்தை மறுப்பதற்கென்றே தனியாக ஒரு சிற்றேடு எழுதினார்கள். அதனை எழுதும் முன் அவர்கள் செய்த ஒரு செயல் கவனத்திற்குரியது. அந்த ஷைகு அஹ்மதின் உறவினரைத் தேடிக் கேட்டார்கள். அவர் இறந்து நெடுங்காலம் ஆயிற்று என்றும், இப்படி ஒன்றை அவர் சொல்லவே இல்லை என்றும் விடை கிடைத்தது.

இப்னு பாஸ் அவர்கள் எழுப்பிய கேள்விகள் எளியவை. திருக்குர்ஆனையே ஒருவர் படியெடுத்து ஊர் ஊராக அனுப்பினாலும் இத்தகைய வாக்குறுதி அவருக்கு மார்க்கத்தில் சொல்லப்படவில்லை. ஒரு கனவுக் கடிதத்துக்கு அது எப்படிக் கிடைக்கும்? இதனைப் படியெடுத்தும் வறுமை நீங்காதவர்கள் எத்தனையோ பேர். படியெடுக்காமல் நலமாக வாழ்பவர்களும் எத்தனையோ பேர். தூதரின் வாழ்நாளிலேயே நிறைவு பெற்றுவிட்ட மார்க்கத்தில், ஒரு கனவின் வழியாகப் புதிய கடமை எப்படி நுழையும்?

இத்தனை மறுப்புகளுக்குப் பின்னும் அக்கடிதம் இறக்கவில்லை. கையெழுத்துப் படியாக இருந்தது அச்சுத் தாளாயிற்று, பின் ஒளிநகலாயிற்று, இன்று கைப்பேசியில் வருகிறது. அதில் சொல்லப்படும் இறந்தோர் எண்ணிக்கை படிக்குப் படி மாறும். ஷைகு அஹ்மது மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கனவு காண்கிறார்.

அது எப்படிப் பிழைக்கிறது?

இதற்குக் கணக்கு ஒன்று போதும். ஒருவர் முப்பது பேருக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த முப்பது பேரும் அவ்வாறே செய்தால் 900. அடுத்த சுற்றில் 27,000. நான்காம் சுற்றில் 8,10,000. பத்தில் ஒருவர் மட்டும் அஞ்சிப் படியெடுத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் மும்மடங்காகும். எனவே, ஒன்பது பேர் அறிவுடன் கிழித்துப் போட்டாலும் கடிதம் தழைக்கும்.

அதன் உள்ளமைப்பும் இதற்கேற்றதே. மறுக்க முடியாத ஒரு பெயர், சென்று விசாரிக்க முடியாத தொலைவில் ஓர் ஊர், அச்சமூட்டும் ஓர் எண், ஓர் ஆசை, ஒரு மிரட்டல், பரப்பச் சொல்லும் ஒரு கட்டளை. பலித்தது என்று நினைப்பவர் ஊரெல்லாம் சொல்வார். பலிக்காதவரோ தம் ஈமானில் குறையிருக்கும் என்று வாய் மூடிக்கொள்வார். ஆகவே வெற்றிக் கதைகள் மட்டுமே நம் காதில் விழும்.

இது முஸ்லிம்களிடம் மட்டும் உள்ள நோயன்று. ஐரோப்பிய கிறித்தவர்களிடையே வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் பல நூற்றாண்டுகள் உலவின. 1935-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், பெயர்ப் பட்டியலின் முதலில் இருப்பவருக்குப் பத்து சென்ட் அனுப்பினால் பெரும்பணம் திரும்ப வரும் என்ற தொடர் கடிதம் பரவி, அஞ்சலகமே திணறியது. கணினி வலைப்பின்னல் சில ஆயிரம் பேரிடம் மட்டும் இருந்த நாளில், 1978 மே 3 அன்று, ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பரச் செய்தி அனுப்பினார். கேளாமல் வந்து குவியும் மின்னஞ்சல்களின் முதல் முன்னோடியாக அதனையே குறிப்பிடுகிறார்கள். கருவி மாறுகிறது, மனிதனின் அச்சமும் ஆசையும் மாறுவதில்லை.

தாளின் அடியில் ஒரு வரி

சிவகாசியின் கதைக்குத் திரும்புவோம். 1922-இல் இவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும். அதற்கு அச்சு வேண்டும். இவ்வாறு வளர்ந்த அச்சுத்தொழில், பின்னர் நாட்காட்டி, நாட்குறிப்பு, பட்டாசுப் பெட்டியின் வண்ணத் தாள் என்று விரிந்து நாடெங்கும் பெயர் பெற்றது.

இத்தொழிலில் ஈடுபட்டவர்களுக்குப் பழக்கமான ஒரு சட்டம் இருந்தது. 1867-இல் இயற்றப்பட்ட அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் தெளிவாக இருக்க வேண்டும் என்றது. தேர்தல் துண்டறிக்கைகளில் அச்சிட்டவரோடு வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிறப்பித்த ஆங்கில அரசின் நோக்கம் மக்களைக் கண்காணிப்பது என்பதை நாம் அறிவோம். ஆயினும், அந்தச் சிறிய வரிக்குள் ஒரு நீதியும் இருந்தது: சொல்லுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், பொறுப்பேற்க ஆளில்லாத சொல் பரவக் கூடாது.

நம் முன்னோர்களுக்கு இந்த நீதி புதிதன்று. எந்த அரசும் சட்டம் இயற்றாமலேயே, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதனை அவர்கள் ஒரு கலையாக வளர்த்திருந்தார்கள்.

முன்னோரின் சல்லடை

செய்தி கொண்டு வருபவர் நம்பத்தகாதவராக இருந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் பணிக்கிறது. விசாரிக்காவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்ற காரணத்தையும் அவ்வசனம் சேர்த்தே சொல்கிறது.

பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கட்டியபோது, மதீனாவின் நல்ல மனிதர்கள் சிலரும் அதனை வாய்க்கு வாய் கடத்தினார்கள். ஏறத்தாழ ஒரு மாத காலம் அந்த வீடு கண்ணீரில் இருந்தது. அப்போது அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டில் நடந்த உரையாடல் நம் வீடுகளுக்கு ஒரு பாடம். ஊரில் பேசப்படுவதைப் பற்றி மனைவி கேட்க, நீ அப்படிச் செய்வாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். மாட்டேன் என்றார் அந்த அம்மையார். அப்படியானால் உன்னைவிடச் சிறந்த ஆயிஷா எப்படிச் செய்வார் என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்தார். அவதூறு அந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வந்து மூன்று முறை அனுமதி கேட்டு, விடை வராததால் திரும்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே கற்பித்ததாகக் கூறினார்கள். அதற்குச் சாட்சி கொண்டு வருமாறு உமர் (ரலி) பணித்தார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) வந்து சாட்சி சொன்னார்கள். அபூமூஸா பொய்யர் என்று உமர் எண்ணவில்லை. நபியின் பெயரால் மக்கள் துணிந்து பேசத் தொடங்கிவிடக் கூடாது என்றே அஞ்சினார்கள். கேள்வி கேட்பது அவமதிப்பு ஆகாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதல் தலைமுறையில் அறிவிப்பாளர் வரிசையை எவரும் கேட்கவில்லை என்றும், உள்நாட்டுக் குழப்பம் தோன்றிய பின்னரே யாரிடமிருந்து கேட்டீர் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்றும் ஹிஜ்ரி 110-இல் மறைந்த இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் காண்கிறோம். அதன்பின் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பிறப்பு, இறப்பு, நினைவாற்றல், நேர்மை, யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் ஏடுகளில் ஏறின. இமாம் புகாரி (ஹிஜ்ரி 194–256) அவர்கள் ஏறத்தாழ ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்து, திரும்ப வருபவற்றையும் சேர்த்து 7,275 என்று கணக்கிடப்படும் ஹதீஸ்களைத் தொகுத்தார்கள். ஹிஜ்ரி 597-இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றுக்கென்றே தனி நூல் எழுதினார்கள்.

இவ்வரலாற்றில் நம்மைச் சிந்திக்க வைக்கும் மனிதர் ஒருவர் உண்டு. மர்வ் நகரின் நீதிபதி நூஹ் இப்னு அபீமர்யம், ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஓதுவதால் கிடைக்கும் நன்மை பற்றி ஹதீஸ்களைப் புனைந்தார். மக்கள் சட்டநூல்களிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் குர்ஆனை மறந்துவிட்டார்கள். அவர்களைத் திருப்பவே அவ்வாறு செய்தேன் என்று காரணமும் சொன்னார். எண்ணம் நல்லதுதான். ஆயினும் ஹதீஸ் அறிஞர்கள் அவரைப் பொய்யர்களின் பட்டியலிலேயே வைத்தார்கள். நல்லதுக்குத்தானே அனுப்பினேன் என்று இன்று நாம் சொல்லும் சமாதானத்துக்கான தீர்ப்பு, அன்றே எழுதப்பட்டுவிட்டது.

தாள் கைப்பேசியான பிறகு

2017 பிப்ரவரி 6 அன்று தமிழகத்தில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளுக்கானது அது. ஊசி போட்டால் ஆபத்து என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. பெற்றோர் பலர் மறுத்ததால், முகாமின் காலத்தையே அரசு நீட்டிக்க நேர்ந்தது. அவ்வதந்தியைக் கடத்தியவர்களில் நாமும் இருந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

2018 மே மாதம் குழந்தை கடத்தும் கூட்டம் வந்திருப்பதாகத் தமிழக ஊர்களில் குரல் பதிவுகள் உலவின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிக் குடும்பத்தாருடன் வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். கடத்தல்காரி என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்தக் குரல் பதிவை முதலில் அனுப்பியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. கடைசியாக அனுப்பியவரும் தம்மைக் கொலைகாரர் என்று எண்ணியிருக்க மாட்டார்.

2020-இல் கொரோனா பரவியபோது, டெல்லி தப்லீக் மாநாட்டைக் காரணம் காட்டி நம் சமுதாயத்தின் மீதே பொய்கள் பாய்ந்தன. காய்கறி விற்கும் எளிய முஸ்லிம்கள்கூடத் தெருக்களில் விரட்டப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அதில் கலந்துகொண்ட வெளிநாட்டவர் மீதான வழக்குகளை நீக்கி, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கண்டித்தது. ஆனால் பொய் நொடியில் போய்ச் சேர்ந்த வீடுகளுக்குத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை. வதந்தியால் காயம்பட்டவர்கள் நாம். அந்த வலி தெரிந்த நாமே மற்றொருவரைப் பற்றிய செய்தியை விசாரிக்காமல் கடத்தலாமா?

நம்மிடையே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தைக்கு அவசரமாக இரத்தம் தேவை என்று, தொலைபேசி எண்ணுடன் வந்த செய்தியை நாம் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினோம். நன்மை செய்த நிறைவோடு இருந்தோம். மறுநாள் நம்மில் ஒருவர் அந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் குழந்தையின் தந்தை மிகப் பொறுமையாகப் பேசினார். குழந்தை மவுத்தாகி ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்றார். தினமும் யாராவது அழைக்கிறார்கள், தினமும் இதே பதிலைச் சொல்கிறேன் என்றார். நாம் அனுப்பியதில் எந்தப் பொய்யும் இல்லை. தேதி மட்டும் இல்லை. அந்த ஒரு குறையால், பிள்ளையை இழந்த தந்தையின் புண்ணை ஊரே சேர்ந்து கீறிக்கொண்டிருந்தது.

இனி நாம் செய்ய வேண்டியது

பட்டாசு ஆலைகளில் ஒரு விதி உண்டு. ஓர் அறையில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். ஓர் அறையில் தீப்பொறி விழுந்தாலும் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதே நோக்கம். விதி மீறப்பட்ட இடங்களில் என்ன ஆகும் என்பதை இவ்வட்டாரம் தன் மக்களின் உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. வாட்ஸ்அப் நிறுவனமும் இதே வழியைத்தான் நாடியது. 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கடத்தப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று குறைத்தது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. இடைவெளிக்கு அவ்வளவு வலிமை உண்டு.

அந்த இடைவெளியை நாமே நமக்குள் ஏற்படுத்திக்கொள்ளலாம். ஒரு செய்தி வந்தால் மூன்றைப் பார்ப்போம்: சொன்னவர் பெயர், நடந்த இடம், நடந்த தேதி. மூன்றும் இல்லையெனில் அச்செய்தி நம் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். அல்லாஹ்வின் பெயராலோ நபியவர்களின் பெயராலோ வந்தால், நம் ஊர் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்போம். பிறருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று மிரட்டினால், அந்த மிரட்டலே பொய்க்கு அடையாளம் என்று கொள்வோம்.

குடும்பக் குழுவையோ ஜமாஅத் குழுவையோ நடத்தும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தவறான செய்தியை நீக்குவது உங்கள் கடமை. ஆனால் அனுப்பிய பெரியவரை எல்லார் முன்னிலையிலும் நாணச் செய்யாதீர்கள். தனியே அழைத்து, மாமா, இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, எடுத்துவிடட்டுமா என்று கேளுங்கள். உமர் (ரலி) அவர்கள் சாட்சி கேட்டது பொய்யைத் தடுக்கத்தானே தவிர, மனிதரைத் தாழ்த்துவதற்கன்று. தவறாக அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால், அனுப்பிய அத்தனை இடங்களுக்கும் திருத்தம் அனுப்புவோம். நாமும் அந்தத் தந்தைக்காக அவ்வாறே செய்தோம். எத்தனை பேரிடம் அது போய்ச் சேர்ந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

யாசீன் கிதாபுக்குள் அந்தத் தாளை மடித்து வைத்த நன்னிமார்களை நாம் குறை சொல்ல மாட்டோம். அவர்களுக்குக் கேட்கவும் ஆளில்லை, தேடவும் வழியில்லை. அவர்களிடம் இருந்தது நபியின் மீதான அன்பு மட்டுமே. நமக்கு அந்த அன்போடு, விசாரிக்கும் வசதியும் கிடைத்திருக்கிறது. அதற்கான கேள்வியும் நாளை மறுமையில் நமக்கு இருக்கிறது.

கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவோராக ஆகாமல், தெளிந்ததை மட்டும் சொல்வோராக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.